நாரையும் நெல்லும்

கேள்வி: மனிதன் பிராணிகளைப் பேணுவது ஜீவகாருண்யத்தினாலா, சுயநலத்தினாலா?

பதில்: இதற்கு விடை தேடுவோர் மார்கழி மாதத்தில் ஒருமுறை வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போய் நின்று பார்ப்பது நலம். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களின் கிளைதோறும் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகையில், அவற்றின் எச்சம் ஓயாமல் விழுந்து, இலைகளெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து, கீழேயுள்ள நீரும் உரச்சத்து மிகுந்ததாகி விடுகிறது. அந்நீர் மதகு வழியே பாயும் வயலில் நெற்பயிருக்கு வேறு எரு அதிகம் வேண்டியதில்லை என்பது அவ்வூர் விவசாயிகள் பரம்பரையாய்க் கண்டறிந்த பிரத்தியட்ச உண்மை. ஆகவேதான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவ்விவசாயிகள் வாளாவிராமல் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே அவற்றிற்குப் பாதுகாப்புப் பெற்றார்கள்.

பறவைக்கு மரமும் அபயமும், மனிதனுக்கு எருவும் விளைச்சலும் என்ற இந்தப் பரஸ்பர சகாயம் சுயநலத்தில் தோன்றியதென்றே வைத்துக்கொள்வோம். ஆனால், தீபாவளியன்று பட்டாசுக்கு அடம்பிடிக்கும் பேரனை, “குஞ்சு பயந்துவிடுமடா!” என்று அடக்கும் அவ்வூர்ப் பாட்டியின் மனத்தில் அந்தக் கணத்தில் எருவின் நினைவு இராது. பிரயோஜனம் கருதித் தொடங்கிய உறவு, நாளடைவில் அபிமானமாகக் கனிவதும் உலக இயல்புதானே?