ஹேண்டிக்கு ஆன்டெனா வாங்கப்போகும் தம்பிக்கு



அமெச்சூர் வானொலித் தேர்வெழுதித் தேறி, வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு வந்திருக்கிறாய். கையில் ஒரு பாவோஃபெங் யுவி-5ஆர் கையடக்கச் செட், அதாவது ஹேண்டி. ரிப்பீட்டரில் உன் குரல் வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது: செட்டோடு வந்த ரப்பர் டக்கைக் கழற்றிவிட்டு எதை மாட்டலாம்? நகோயா என்ஏ-771-ஆ, டயமண்டா, இல்லை மடித்து வைக்கிற அந்த ஒரு மீட்டர் நாடாவா? உன்னைப் போலவே கேட்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு பெயரைத் தூக்கிக்கொண்டு வருவாய். ஒப்பிடத் தெரிந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் பெயரை விட்டுவிட்டு நீளத்தைப் பார். நமக்கு அனுமதித்த 144–146 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டரை ஒட்டி வரும். அதில் கால் பங்கை நேரான கம்பியாக வெட்டினால் ஏறக்குறைய 49 செ.மீ. ரப்பர் டக்கின் உறையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு சுருள். அந்தக் கால் அலையைச் சுற்றிச் சுற்றி ஒரு சாணுக்கும் குறைவாக அடக்கியிருப்பார்கள். அடக்கலாம், ஆனால் விலை உண்டு. நல்ல தரைத்தளத்தின் மேல் நிற்கும் முழுக் கால் அலைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். 15 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் அது ஒற்றை இலக்க ஓமுக்கு இறங்கிவிடும். கம்பியிலும் இணைப்பிலும் சக்தியை மண்ணாக்கும் தடை மட்டும் அப்படியே இருக்கும். செட் கொடுக்கும் சக்தியில் கணிசமான பங்கு சூடாகிப் போவது இதனால்தான். பேண்ட் அகலமும் குறுகிவிடும். 145-க்குச் சரியாக இருப்பது 144-இன் ஓரத்தில் தள்ளாடும்.

இதே ரப்பர் டக்கை 434–438-க்கு எடுத்துப் போ, கதை மாறிவிடும். அங்கே அலைநீளம் 69 செ.மீ.; கால் அலை 17 செ.மீ.தான். சுருக்க வேண்டிய தேவையே பெரிதாக இல்லை. ஆகவே யுஹெச்எஃப் மட்டும் பேசுகிறவன் ஆன்டெனா மாற்றிப் பெரிதாக எதையும் கண்டுவிடப் போவதில்லை. மாற்றத்தால் வரும் லாபம் பெரும்பாலும் இரண்டு மீட்டர் பேண்டில்தான். உன் ஊர் ரிப்பீட்டர் எந்த பேண்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திற.

என்ஏ-771 சுமார் 39 செ.மீ. கால் அலைக்கு இன்னும் 10 செ.மீ. குறைவு, அந்தக் குறையை அடியிலுள்ள சுருள் ஈடுகட்டுகிறது. ரப்பர் டக்கைவிடத் தெளிவாக நல்லது, முழுக் கால் அலைக் கம்பியான விப்பைவிட ஒரு படி கீழே. டயமண்டின் இதே நீளத்து மாடல்களும் இதே குடும்பம்தான், வேலைப்பாடு மட்டும் மேல். 108 செ.மீ. நாடா ஆன்டெனா ஏறக்குறைய அரை அலை. மொட்டைமாடியில் நின்று பேச அருமை, பேருந்துக்குள் கொண்டுபோனால் அடுத்தவர் கண்ணைக் குத்தும். கட்டைவிரல் உயரக் குட்டை ஆன்டெனாக்களும் உண்டு. மாரத்தான் ஓட்டத்துக்குத் தன்னார்வலராகப் போய் ஒரே மைதானத்துக்குள் பேசுவதற்கு அவை போதும். தொலைதூரத்துக்கு அவற்றை நம்பாதே.

அட்டையில் அச்சடித்த கெயின் எண்களை நம்பாதே. 2.15 டிபிஐ என்று போட்டிருப்பார்கள். அது வெட்டவெளியில் தனித்து நிற்கும் அரை அலை டைபோலின் கணக்கு. 39 செ.மீ. நீளத்தில், ஒருவன் கையில், உடம்பு பாதி மறைக்க நிற்கும் கம்பி அதை இரண்டு மீட்டரில் எட்டாது. இன்னொரு தொல்லை போலிகள். நகோயா பெயரை அச்சடித்து விற்கும் போலிகள் சந்தையில் ஏராளம். வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஒத்ததிர்வு மட்டும் எங்கோ தள்ளி நிற்கும். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படு.

அடுத்து எஸ்டபிள்யூஆர், அதாவது நிலையலை விகிதம். அதை அளக்கும் நானோவிஎன்ஏ கருவி கைக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 சதவீதம். 2 என்றால் 11. இந்த வித்தியாசத்தைக் காதால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. டம்மி லோடு 1.0 காட்டும், ஆனால் அது அடுத்த தெருவுக்குக்கூடக் கேட்காது. எஸ்டபிள்யூஆர் சொல்வது செட்டுக்குத் திரும்பி வரும் சக்தியைப் பற்றி மட்டுமே. திரும்பாதது காற்றில் போனதா, சூடாகப் போனதா என்று அது சொல்லாது. நட்டமுள்ள மோசமான ஆன்டெனா அழகான வளைவைக் காட்டுவது சாதாரணம்.

இதிலும் பெரிய சிக்கல், நீ அளப்பது ஹேண்டியில் இருக்கும் ஆன்டெனாவையே அல்ல என்பது. கால் அலைக் கம்பி எப்போதும் தனியாக வேலை செய்யாது. மின்னோட்டம் எதிர்ப்பக்கம் ஓட இன்னொரு பாதி வேண்டும். வண்டிக் கூரையில் அந்தப் பாதி தகரம். ஹேண்டியில்? யுவி-5ஆர் உடம்பு 11 செ.மீ.; தேவையோ 49. மீதிக்கு உன் உள்ளங்கை, கை, உடம்பு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. விஎன்ஏவில் மாட்டும்போது அந்த வேலையைக் கேபிளின் வெளிப்பின்னல் செய்கிறது. கேபிளைத் தொட்டுப் பார், திரையில் வளைவு நகரும். ஆக, மேசைமேல் எடுத்த எண் கையில் பிடித்த செட்டுக்குப் பொருந்தாது.

இதனால்தான் டைகர் டெயில் என்கிற ஒரு முழக் கம்பிக்கு இவ்வளவு மதிப்பு. 49 செ.மீ. மெல்லிய கம்பி, ஒரு நுனியில் வளையம். ஆன்டெனாவின் அடியில், இணைப்பியின் வெளிப்பகுதியோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி மாட்டித் தொங்கவிடு. நடுமுனையைத் தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் கவனம். 435-இல் இதே நீளம் முக்கால் அலைக்கு அருகில் வருவதால் அங்கேயும் கெடுதல் இல்லை. பழைய கம்பித் துண்டு போதும். பார்க்க அழகில்லை என்று பலர் கட்டுவதில்லை. எனக்கு அது ஹேண்டிக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிக நல்ல காரியமாகத் தெரிகிறது.

இப்போது ஒப்பிடும் முறைக்கு வருவோம். இதைத்தான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். ரிப்பீட்டரில் போய், “ஆன்டெனா மாத்திட்டேன், எப்படி இருக்கு ஓஎம்?” என்று கேட்கிறார்கள். “ஃபைவ் நைன்” என்று பதில் வரும். ரிப்பீட்டர் உன் குரலை வாங்கித் தன் சொந்த சக்தியில் மறுபடி வீசுகிறது. கேட்பவரின் மீட்டர் காட்டுவது ரிப்பீட்டரின் பலத்தை, உன்னுடையதை அல்ல. உன் சமிக்ஞை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரே தடயம், உன் குரலுக்குப் பின்னால் கேட்கும் இரைச்சல். அதுவும் எஃப்எம்மில் ஒரு எல்லைக்கு மேல் முழுவதும் அடங்கிப்போகும். அதற்கப்புறம் பத்து மடங்கு கூட்டினாலும் காது ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆகவே சிம்ப்ளெக்ஸில், அதாவது ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகச் சோதி. இரைச்சல் தொடங்கும் விளிம்பில் வைத்துச் சோதி. செட்டை லோ பவரில் போடு. யுவி-5ஆரில் அது ஏறக்குறைய 1 வாட்.

எதிர்முனையில் இன்னொரு ஹேண்டி இருந்தால் பயனில்லை. அதன் சமிக்ஞைக் கோடுகள் ஒன்று முழுதாக நிற்கும், இல்லையேல் ஒன்றுமே இராது. நண்பர் யாரிடமாவது ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் இருந்தால் அதை அவர் வீட்டு மாடி ஆன்டெனாவில் மாட்டச் சொல். கெயினைத் தானியங்கியில் விடாமல் கையால் ஒரே இடத்தில் நிறுத்தச் சொல். திரையில் டெசிபல் எண்ணாக வரும். முழு மதிப்பு எவ்வளவு என்பது தேவையில்லை, வித்தியாசம்தான் தேவை.

நிற்கும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு குறி போடு. பழையதை மாட்டிப் பேசு, புதியதை மாட்டிப் பேசு, மறுபடி பழையதை மாட்டிப் பேசு. முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் நீ அளந்தது ஆன்டெனாவை அல்ல, வேறெதையோ. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விளையாடுவதால், அரை மீட்டர் தள்ளி நின்றாலே 10 டெசிபல் காணாமல் போவதுண்டு. அதனால் ஒரே குறியில் நிற்காமல் இரண்டு மீட்டர் சுற்றளவுக்குள் ஐந்தாறு இடங்களில் எடுத்துச் சராசரி பார். ஒருமுறை எதிர்முனையைப் பார்த்து நில், ஒருமுறை முதுகைக் காட்டி நில். கடைசியாக, செட்டை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மைக்கில் பேசு. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத் திகைப்பாய்: எந்த இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, இடுப்புக்கும் முகத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கும். உடம்பு அலையை அந்த அளவுக்கு விழுங்கும்.

முகத்தருகே நிமிர்த்திப் பிடித்த செட்டில் ரப்பர் டக்குக்கும் முழுக் கால் அலை விப்புக்கும் இரண்டு மீட்டரில் 3 முதல் 6 டெசிபல் வரை கிடைத்தால் சோதனை சரியாக நடந்தது என்று வைத்துக்கொள். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு. ரப்பர் டக்கில் 4 வாட் போட்டுச் செய்வதை விப்பில் 1 வாட்டில் செய்துவிடலாம், பேட்டரி மிஞ்சும். வித்தியாசம் 1 டெசிபல் என்றால் இரண்டும் ஒன்றுதான், அழகாக இருப்பதை வைத்துக்கொள். 15 டெசிபல் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் அவருடைய பழைய ஆன்டெனா உடைந்திருக்கிறது.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. நீளமான ஆன்டெனா உன் ரிப்பீட்டரை மட்டும் கூடுதலாகக் கேட்பதில்லை, எல்லாவற்றையும் கேட்கும். யுவி-5ஆர் வரிசைச் செட்களில் முன்வடிகட்டல் சொற்பம். எஃப்எம் ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் விப்பை மாட்டினால், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியடியில் நின்று காதோடு பேசுகிறவன் சொல்வதைக் கேட்க முயல்வதுபோல் ஆகிவிடும். நல்ல ஆன்டெனாவில் நிலையம் காணாமல் போய் ரப்பர் டக்கில் திரும்பி வந்தால் பழி ஆன்டெனா மேல் இல்லை. நகர நடுவில் ரப்பர் டக் பையிலேயே கிடக்கட்டும், தேவைப்படும்.

இணைப்பியைப் பார்த்து வாங்கு. பாவோஃபெங்கின் தலையில் எஸ்எம்ஏ ஆண். ஆன்டெனா பெண்ணாக இருக்க வேண்டும். யேசு செட்களில் பெரும்பாலும் தலைகீழ். எஸ்எம்ஏ என்பது பொதுவாக 500 முறை பொருத்திக் கழற்றும் கணக்கில் வடிவமைத்த சின்னஞ்சிறு இணைப்பி. நாளும் சோதனை என்று கழற்றி மாட்டினால் அது கணக்குக்கு முன்பே தேயும். விறைப்பான நீள ஆன்டெனா அதை நெம்புகோலாய்ப் பிடித்து ஆட்டி, உள்ளே பலகையின் பற்றவைப்பையே பெயர்த்துவிடும். விப் எதையாவது இடித்தால் வளைய வேண்டும், செட்டை வளைக்கக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் விறைத்த கம்பியைவிட வளைந்து நிமிரும் விப்பைச் சொல்வேன்.

கடைசியாக உயரம். ரேடியோ அடிவானத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் கி.மீ. தரையில் நிற்கும் உனக்கு, ஆன்டெனா 1.5 மீட்டரில், 5 கி.மீ. 20 மீட்டர் மாடியில் 18. ஏற்காட்டு உச்சி சுற்றியுள்ள சமவெளியைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் என்று கொண்டால் 140 கி.மீ.க்கு மேல். தரையிலேயே நின்றுகொண்டு ஆன்டெனாவில் 3 டெசிபல் கூட்டுவதால் அடிவானம் ஓர் அடிகூட நகராது. மாடிப்படி ஏறினால் நகரும். அதற்குக் காசும் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: 48, 49 செ.மீ. நீளத்தில் வளையக்கூடிய கால் அலை விப் ஒன்று, நம்பகமான விற்பனையாளரிடம். அதற்கு ஒரு டைகர் டெயில் நீயே செய்துகொள். பழைய ரப்பர் டக்கை எறியாதே. இதற்குமேல் ஹேண்டி ஆன்டெனாவுக்குச் செலவு செய்யாதே. மிச்சப் பணத்தில் நல்ல கோஆக்ஸ் கேபிள் வாங்கி, வீட்டு மாடியில் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா ஒன்றைக் கட்டு.

யுவி-5ஆர் 136 முதல் 174 வரை அனுப்பும் என்பதால் அங்கெல்லாம் அழுத்திப் பார்க்காதே, சோதனைக்குக்கூட. உன் உரிமத்தில் உள்ள எல்லைக்குள் நில். சோதனையை முடித்ததும் எண்களை நம் ரேடியோ நெட்டில் எல்லாருக்கும் சொல். எந்த இடம், எவ்வளவு உயரம், கையிலா பெல்ட்டிலா, எத்தனை வாட் என்பதையும் சேர்த்துச் சொல். என் கணக்கு உன் ஊரில் தப்பினால் அதையும் தயங்காமல் சொல், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.