ஊசியோடு கல்லூரிக்கு

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த வாரத்தில் டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். வெளியூர்க் கல்லூரி வேண்டாம் என்கிறார் அப்பா. என்ன செய்ய?
— ஒரு மாணவி, கம்பம்

பதில்: மகளே, இது நீ இனிப்புத் தின்றதால் வந்ததல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்ததால் வந்தது. யாராவது பாகற்காய் வைத்தியம் சொன்னார்கள் என்று ஊசியை நிறுத்திவிடாதே; உயிருக்கு ஆபத்து. 1922-க்கு முன் இதற்கு மருந்தே கிடையாது. பின்னாளில் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் இன்சுலின் போட்டுக்கொண்டே வேகப்பந்து வீசினார்.

கலந்தாய்வு இணையத்தில்தான். கோவையோ சென்னையோ, பிடித்த கல்லூரியைத் தாராளமாக விருப்பப் பட்டியலில் போடு. விடுதியில் கேட்க வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடும் ஃப்ரிட்ஜில் ஓர் இடமும். அறைத்தோழியிடம் நோயை மறைக்காதே. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் திராட்சைச் சாறு (கம்பத்துப் பெண்ணுக்குத் திராட்சையைப் பற்றி நான் சொல்லணுமா!). 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வா. அவருடைய பயத்தை மருத்துவரிடமே கேட்கட்டும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம்.