மணிக்கட்டில் ஒரு மருத்துவத் துணை

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர் குத்துச்சண்டை வீரர் முகமது அலி. எதிரிகளைக் கலங்கடித்த அவருடைய கைகள் அன்று நடுங்கின. அவருக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதை மருத்துவர்கள் 1984ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தனர். அந்த நடுக்கத்தை உலகமே கண்டது. ஆனால் இந்நோயின் பெரும்பகுதி யாரும் காணாத வேளைகளிலேயே நிகழ்கிறது. அவ்வேளைகளை அறிய அறிவியல் கண்ட வழியை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் இந்நோயை 1817இல் விரிவாக எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அவர் விவரித்த நோயாளிகள் அறுவர் மட்டுமே. அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார்! நோயாளி நடமாடும் இடத்திலேயே அவரைக் கவனிப்பது எத்துணைப் பயனுடையது என்பது இதனால் விளங்கும்.

நம் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய்க்குக் காரணம். ஓய்வாக இருக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். தசைகள் விறைக்கும், அசைவுகள் மந்தமாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019இல் உலகில் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர்.

மருந்தும் நேரமும்

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் 1960களில் பயனுக்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து நோயாளிக்குப் பெருந்துணை புரிகிறது. அது மூளையில் டோபமைனாக மாறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு வேளை மருந்தின் பயன் நீடிக்கும் நேரம் குறைகிறது. காலையில் நன்றாக நடந்தவர் நண்பகலுக்கு முன்பே நாற்காலியிலிருந்து எழ இயலாமல் தவிப்பார். மருந்து மிகுந்தாலோ கைகால்கள் தாமாகவே நெளியத் தொடங்கும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஆண்டுக்கு மணிகள் 8,760. ஆறு மாதத்திற்கு ஒருமுறை அரைமணி நேரம் மருத்துவரைக் காண்பவர், ஆண்டில் ஒரே ஒரு மணி நேரந்தான் அவர் பார்வையில் இருக்கிறார். எஞ்சிய நேரத்தைப் பற்றி நோயாளி நினைவிலிருந்து கூறுவதே சான்று. அவரோ சில வேளை நடுக்கத்தையும் மருந்தால் வரும் நெளிவையும் பிரித்தறிய மாட்டார்.

கடிகாரத்தின் பணி

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உருவான ‘பார்க்கின்சன் கினட்டிகிராஃப்’ என்னும் கருவி இக்குறையைப் போக்க முயன்றது. இதைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. கைக்கடிகாரம் போன்ற இதனை நோயாளி சில நாட்கள் தம் வீட்டிலேயே அணிந்திருப்பார். உள்ளே இருக்கும் முடுக்கமானி, கையின் வேகம் மாறுவதை நொடிதோறும் பல முறை அளக்கிறது. மருந்து உண்ணும் நேரம் வந்தால் கருவி அதிர்ந்து நினைவூட்டும். உண்டதும் நோயாளி அதைத் தொட்டுப் பதிவு செய்வார்.

பின்னர் அப்பதிவு வரைபடமாக மருத்துவரிடம் சேர்கிறது. அடுத்த வேளை மருந்துக்கு முன் மந்தம் மிகுந்தால், மருந்தின் பயன் விரைவில் தீர்கிறது என்று அவர் ஊகிக்கலாம். மருந்து உண்ட சிறிது நேரத்தில் நெளிவு மிகுந்தால், அளவு கூடுதலோ என்று ஆராயலாம். முன்னதற்கு மருந்தின் இடைவெளியைக் குறைக்க நேரலாம். பின்னதற்கு அளவையே குறைக்க நேரலாம். இரண்டையும் மாற்றி எண்ணினால் துன்பப்படுபவர் நோயாளியே.

கைப்பேசியும் இப்பணிக்கு உதவுகிறது. 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘எம்பவர்’ ஆய்வில், பங்கேற்றோர் தம் கைப்பேசித் திரையை இரு விரல்களால் மாறிமாறித் தட்டினர். ‘ஆ’ என்று நீட்டி ஒலித்தனர். சிறிது தூரம் நடந்தனர். தட்டும் வேகமும், குரலின் உறுதியும், நடையின் ஒழுங்கும் பதிவாயின. ஆயினும் பலர் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டனர். நாள்தோறும் ஒரு வேலையைச் செய்யச் சொல்வதைவிட, அணிந்தவுடன் தானே அளக்கும் கருவி எளிது என்பதை இது காட்டுகிறது.

கருவியின் எல்லை

பல் துலக்கும்போதும் கை விரைந்து அசைகிறது; அயர்ந்து உறங்குபவர் கையும் அசையாதிருக்கிறது. ஆகவே வரைபடத்தைப் படிக்க மருத்துவரின் அறிவு வேண்டும். மனச்சோர்வு, மலச்சிக்கல், உணவு விழுங்குவதில் இடர் ஆகியவற்றை மணிக்கட்டுக் கருவி உரைக்காது. இவற்றைக் கேட்டறிய மனிதரே வேண்டும். மேலும், ஒருவருடைய நாள் முழுவதையும் பதியும் கருவி, அவர் மனமார இசைந்த பின்னரே அணிவிக்கப்பட வேண்டும். அப்பதிவை யார் யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு.

இக்கருவி நம் இல்லங்களில் இல்லாவிடினும், இது கற்பிக்கும் பாடம் நமக்குப் பயன்படும். இந்நோயுள்ள முதியவர் வீட்டில் இருந்தால், அவர் மருந்து உண்ட நேரம், நன்றாக நடந்த நேரம், தளர்ந்த நேரம், நெளிவு கண்ட நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நாம் எழுதி வரலாம். மருந்தின் அளவை நாமே மாற்றாது, அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுவோம். அன்புடன் எழுதப்பட்ட ஒரு பக்கக் குறிப்பும் நல்ல சிகிச்சைக்கு வழிகாட்டும் அன்றோ!