டார்ச் பல்பு எரியவில்லையா?

ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு டார்ச் பல்பு, ஒரு முழம் வயர் இருந்தால் மின்சுற்றைக் குழந்தைகளுக்குச் செய்தே காட்டிவிடலாம். முதல் தடவை பல்பு எரியாதபோது கவனிக்க வேண்டியவை:

1. வயரின் முனைகளில் பிளாஸ்டிக் உறையைச் சீவி, செம்புக் கம்பியை முறுக்கிவிடவும். உறை வழியே மின்சாரம் பாயாது.

2. ஒரு வயர் பல்பின் அடிப்பொட்டையும், இன்னொன்று பக்கவாட்டு உலோகத்தையும் தொடட்டும். இரண்டையும் ஒரே பொட்டில் வைத்தால் மின்சாரம் உள்ளிருக்கும் இழைக்குப் போகாமலே செல்லுக்குத் திரும்பிவிடும். வயர் சுடும், உடனே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். விடையைச் சொல்லிவிடாமல், பல்பின் அடியைத் திருப்பிப் பார்க்க மட்டும் சொல்லவும். தானே கண்டுபிடித்து எரியவைக்கும் சந்தோஷம் குழந்தைக்கே உரியது.

3. வெள்ளை எல்.இ.டி. என்றால் இரண்டு செல்களை வரிசையாக வைத்து, நீளமான காலைக் குமிழ் முனையோடு சேர்க்கவும். அது ஒரு திசையில்தான் எரியும்.

4. எரிந்ததும் வயரை நடுவே துண்டித்து, இடைவெளியில் சாவி, நாணயம், ரப்பர், இருபுறமும் சீவிய பென்சில் என்று வைத்துப் பார்க்கவும். பென்சில் கரி மின்சாரத்தை ஓரளவு தடுப்பதால் எல்.இ.டி. மங்கும்.

5. சுவர் பிளக்கில் எதையும் செருக விடக்கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட், உயிரைப் பறிக்கும்.

6. பொத்தான் செல்களைத் தவிர்க்கவும். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.