அறுவைக்கூடத்தின் இடைநேரம்

ஆப்பரேஷன் தியேட்டர் என்றதும் நம் நினைவில் நிற்பது கத்தி பிடித்த கைதான். ஒரு நோயாளி வெளியேறி அடுத்தவர் உள்ளே வரும் வரை கழியும் நேரத்தை நாம் எண்ணுவதில்லை. அதனை இடைநேரம் என்போம்.

கணக்கைப் பாருங்கள். அறுவைக்கு 20 நிமிடம், இடைநேரம் 20 நிமிடம் என்று கொள்வோம். 6 மணி நேரத்தில் 9 பேருக்கே இடமுண்டு. இடைநேரம் 5 நிமிடமானால் 14 பேருக்கு இயலும். கத்தியின் வேகம் கூடவில்லை, ஐவர் கூடிவிட்டனர்!

முன்பு வேகம் கத்தியில்தான் இருந்தது. மயக்க மருந்து இல்லாத நாளில், துடிப்பவரின் காலை விரைந்து அறுப்பவரே வல்லவர். லண்டனில் இராபர்ட் லிஸ்டன் அவ்வாறு புகழ் பெற்றவர். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரின் ஆற்றலைக் காட்டினார்; டிசம்பரில் லிஸ்டனும் அதனைக் கையாண்டார். கத்திக்கு அவசரம் நீங்கிற்று. ஆனால் மயக்கவும் தெளிவிக்கவும் நேரம் வேண்டுமன்றோ? அந்த நேரத்தின் காவலரே மயக்க மருத்துவர்.

அவர் அடுத்த நோயாளியை முன்னரே சோதித்து வைக்கலாம். அறுவை முடியும் வேளையில் தெளிவு வருமாறு மருந்தை அளந்து குறைக்கலாம். தனி அறையும் துணையாளரும் இருப்பின், கூடத்தைத் துடைக்கும்போதே அடுத்தவருக்கு மரப்பு ஊசி போடலாம். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை ஒருங்கே நடக்கும்.

இதற்குச் சான்று நம் பக்கத்திலேயே உண்டு. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைக் காண்க. கண்புரைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டா. கண் மரத்தால் போதும். ஒரு மேசையில் அறுவை நடக்கையில் அருகிலுள்ள மேசையில் அடுத்தவர் ஆயத்தமாயிருப்பார். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

நான் பீர்மேட்டுத் தேயிலை மலையில் வளர்ந்தவன். சிகிச்சைக்காக எங்களவர் குமுளி வழியே தேனிக்கு இறங்குவர். பாலக்காட்டார் வாளையாறு கடந்து கோவை செல்வர். அவ்விரு ஊர்களிலும் அரவிந்தின் கிளை உண்டு. எந்த மருத்துவமனையிலாயினும், வெறும் வயிற்றோடு காத்திருந்தவரிடம் "இன்று நேரமில்லை" என்றால், அவர் கூலியோடு துணைக்கு வந்தவர் கூலியும் போகும். இடைநேரம் ஏழையின் நேரம்!

எனினும் குறைக்கலாகாத நிமிடங்களும் உண்டு. மயக்கக் கருவியையும் ஆக்சிஜனையும் சோதித்தல், நோயாளியின் பெயரையும் அறுக்கும் இடத்தையும் உறுதி செய்தல், கருவிகளைத் தூய்மை செய்தல் ஆகியவற்றில் கை வைக்கலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலும், மயக்கம் தருமுன் நின்று கேட்கவே சொல்கிறது.

வீணாகும் நிமிடத்தை மீட்பதும், உயிர் காக்கும் நிமிடத்தை விட்டுக்கொடாததுமே மயக்க மருத்துவரின் கடமை.