முதலில் குழாயடி

அன்புள்ள தம்பி,

தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாய். நாய்க்கடி என்று வருகிறவரைச் சீட்டு வாங்க அனுப்பும் முன் குழாயடிக்கு அனுப்பு. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம். காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்பியிருப்பார்கள். திட்டாதே, திட்டினால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார்கள். தையல் போடக் கை பரபரக்கும், பொறு. கட்டாயம் வேண்டுமென்றால் சீரம் போட்டுச் சில மணி நேரம் கழித்துத் தளர்வாக ஒன்றிரண்டு.

அந்தச் சீரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் கன்னத்தில் கடி. அழுகிறானே என்று இரங்கி, வேறோர் இடத்தில் கையில் மட்டும் தடுப்பூசி போட்டு அனுப்பியிருந்தார்கள். "தாகமா இருக்கு" என்றான். அம்மா டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொண்டது. டம்ளரைத் தட்டிவிட்டு மறுபடியும் தண்ணீர் கேட்டான். அதற்குப் பிறகு எங்களால் செய்ய முடிந்தது எதுவுமில்லை.

தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரமாவது ஆகும். அதுவரை ரேபிஸ் வைரஸ் நரம்பில் ஏறாமல் காப்பது காயத்துக்குள் போடும் அந்தச் சீரம், அதாவது இம்யூனோகுளோபுலின்தான். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி எதுவானாலும் போடு. குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட். 15 கிலோ குழந்தைக்கு 600. மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பி என்றால் 2 மில்லி. காயம் பலவாக இருந்து மருந்து போதாவிட்டால் சலைனில் கலந்து எல்லாக் காயத்துக்கும் போய்ச் சேரும்படி பார். விரல் நுனியில் மட்டும் அழுத்தி ஏற்றாதே, ரத்த ஓட்டம் நின்றுவிடும். அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கட்டும். குழந்தை கத்தும். அம்மா மடியில் உட்காரவைத்து, கத்தக் கத்தப் போடு.

தடுப்பூசி இரு புஜத்திலும் தோலுக்குள் 0.1 மில்லி, 0, 3, 7, 28ஆம் நாட்கள். ஆரஞ்சுத் தோல் போலக் குட்டிக் கொப்புளம் எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்தில் இறங்கிவிட்டது; பக்கத்தில் இன்னொன்று போடு. கர்ப்பிணிக்கும் தயங்காதே.

"தொப்புளைச் சுத்தி 14 ஊசியா?" என்று பெரியவர்கள் இன்னமும் மிரளுவார்கள். அந்த மருந்தை இந்தியாவில் நிறுத்தி 20 வருஷம் ஆயிற்று என்று சொல். பத்தியம் ஏதுமில்லை, கறி சாப்பிடலாம் என்றும் சொல். "நாய் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். 10 நாள் அதைக் கவனிக்கட்டும், ஊசி இன்றே ஆரம்பிக்கட்டும்.

புண் ஆறியதும் 28ஆம் நாள் ஊசியை மறந்துவிடுவார்கள். சீட்டில் தேதியைப் பெரிதாக எழுதி, போன் நம்பர் வாங்கிக்கொள். வராதவரை நீயே கூப்பிடு.

அன்புடன்,
அக்கா