காவல் நாய்க்குக் கற்பித்தல்

பொங்கல் விழா முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் நம் மன்ற நண்பர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். ஊரில் அவர் பெற்றோர் இருவரும் தனியே இருக்கின்றனர். அண்டை வீட்டில் களவு போயிற்று. ஓர் அல்சேஷன் குட்டி வாங்கிக் கொடுத்தால் காவலாக இருக்குமா என்பது அவர் கேள்வி. கால்நடை மருத்துவம் பயில்கிறவன் ஆதலால் நான் ஒரே சொல்லில் விடை தருவேன் என்று எதிர்பார்த்தார் போலும். அந்த நடையில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். இதில் பாதி நூல்களிலிருந்து கற்றது. மறுபாதி ஜபல்பூரில் என் மாமா வீட்டு நாயிடமிருந்து கற்றது. அதற்கு அத்தை இட்ட பெயர் கருப்பன்.

அல்சேஷன் என்று நாம் அழைக்கும் நாயின் உண்மைப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்டு. முதல் உலகப் போரினால் ஜெர்மனி என்ற பெயரே பிரிட்டனில் வெறுப்புக்குரியதாயிற்று. ஆகவே எல்லைப்புறப் பகுதியாகிய அல்சேஸின் பெயரை இந்நாய்க்குச் சூட்டினர். அங்கே 1977இல் பழைய பெயர் மீண்டுவிட்டது. நாம்தாம் இன்னும் அந்தப் போரை நாவில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெயரில் உள்ள ஷெப்பர்டு என்ற சொல் ஆட்டிடையனைக் குறிப்பது. காவல் பயிற்சி முழுவதற்கும் திறவுகோல் அச்சொல்லில் இருக்கிறது. 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெபானிட்ஸ் என்னும் ஜெர்மானியக் குதிரைப்படைத் தலைவர் கார்ல்ஸ்ரூ நகரில் நாய்க் கண்காட்சி ஒன்றில் கண்ட நாயை வாங்கி, ஹோரண்ட் என்று பெயரிட்டு, அதனை முதல்வனாக வைத்து இவ்வினத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார். அந்நாய்களின் தொழில் ஆடு மேய்த்தல். வேலியில்லாத வயல்களுக்கிடையே ஆட்டு மந்தை மேயும். ஒருபுறம் புல், மறுபுறம் பயிர். இரண்டுக்கும் நடுவே உள்ள சாலின்மீது நாய் நாள் முழுவதும் போவதும் வருவதுமாக இருக்கும். கோட்டைத் தாண்டும் ஆட்டைத் திருப்ப வேண்டும். ஆனால் ஆட்டின் உடலில் காயம் படக்கூடாது. எல்லையை விடாது சுற்றுவதும், பல்லை அடக்கிக்கொள்வதும் இந்நாய்க்குப் பரம்பரைத் தொழில். நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியது மிகவும் சொற்பம். கெடுக்காமல் இருந்தாலே பெரிது.

ஜெர்மானியர் இந்நாய்க்கென்று வகுத்த தேர்வு பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று. அது மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பகுதிகளை உடையது. காவல் தேர்வுக்கு முன்னரே நல்லொழுக்கத் தேர்வு ஒன்றில் தேறியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயது 15 மாதம், காவல் தேர்வின் முதற்படிக்கு 18 மாதம். காவல் பகுதியின் தொடக்கத்தில் நாய் செய்ய வேண்டியது என்ன தெரியுமா? மறைந்திருக்கும் மனிதனைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் முன் நின்று விடாமல் குரைக்க வேண்டும். அவன் அசையாது நிற்கும்போது கடித்தால் மதிப்பெண் போகும். கடிக்க நேரும் இடத்திலும், ‘விடு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் விடாத நாய் தேர்வில் தவறும். நம் ஊர் வீடுகளுக்கு வேண்டியதும் இந்த முதற்பகுதிதான்: அயலான் வந்தான் என்று அறிவித்தல், நிறுத்து என்றால் நிறுத்துதல். கடியைக் கற்பிப்பது வீட்டில் செய்யத்தக்க வேலை அன்று. தேர்ந்த பயிற்சியாளர் இல்லாமல் அதில் இறங்கியவன் என்ன ஆவான் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

குட்டியை எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டா. வாங்கப் போகும்போது குட்டியைவிடத் தாயை நன்றாகப் பாருங்கள். அயலாரைக் கண்டு பின்வாங்கி உறுமும் தாயின் குட்டியை எவ்வளவு அழகாயிருந்தாலும் விட்டுவிடலாம். அச்சமுள்ள நாயே பெரும்பாலும் கடிக்கும் நாய். பெற்றோரின் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இவ்வினத்தின் பரம்பரைக் குறை அது.

மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரை உள்ள காலமே நாயின் வாழ்நாளில் விலைமதிப்பற்றது. அப்போது கண்டு பழகியவை அதற்கு உலகம்; காணாதவை பின்னாளில் பகை. தடுப்பூசிகள் முடியும் வரை, அதாவது பதினாறு வாரம் வரை, தெருவில் இறக்கக்கூடாதே என்பீர்கள். இறக்க வேண்டா; தூக்கிக்கொண்டு போங்கள். நான் கருப்பனைத் தோளில் சாய்த்து ஜபல்பூர்க் கடைத்தெருவைச் சுற்றினேன். தலைப்பாகை, தலைக்கவசம், குடை, தாடி, பர்தா, கைத்தடி, பள்ளிச் சிறுவர் கூட்டம், சமையல் வாயு உருளை இறக்குகிறவர் எழுப்பும் ஓசை, எல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துண்டு வேகவைத்த கோழி. அச்சமற்ற நாய்தான் யாரைக் கண்டு குரைப்பது, யாரை விடுவது என்று ஆராயும்.

கட்டளைகளைப் பற்றி ஒரு செய்தி. வீட்டில் மாமா ‘சிட்’ என்பார். அத்தை ‘உட்காரு’ என்பார். வேலைக்கு வரும் அம்மாள் ‘பைட்’ என்பார். கருப்பன் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, பின்னர்ப் படுத்துக்கொள்ளும். ஒரு நாள் தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன்: வா, இரு, படு, விடு. அதிலும் ஒரு பிழை. ‘படு’வும் ‘விடு’வும் நாயின் காதில் ஒன்றாகவே விழுந்தன. ‘விடு’வை நீக்கிப் ‘போதும்’ என்று மாற்றிய பிறகே குழப்பம் தீர்ந்தது. சொல் எம்மொழியாயினும் ஒன்றாக இருக்க வேண்டும். செய்த ஓரிரு நொடிக்குள் பரிசு கிடைக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பாடம் போதும்.

இனிக் காவல் பாடம். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து மதிற்சுவர் ஓரமாக ஒரு சுற்று நடத்துங்கள். முன்னோரின் சால் அதற்கு உடனே நினைவு வந்துவிடும். சில வாரங்களில் தானே சுற்றும். ஆறு ஏழு மாதத்தில் வாயிலில் ஓசை கேட்டால் குரைக்கத் தொடங்கும். அதற்கு ஒரு சொல்லை இணைப்பது எளிது. ஒருவர் வெளியே நிற்க, அத்தை ‘யாரு பாரு’ என்பார், உடனே வெளியில் இருப்பவர் தட்டுவார், நாய் குரைக்கும், பாராட்டு. இரண்டு மூன்று குரைப்புக்குப் பின் ‘போதும்’ என்று சொல்லி மூக்கருகே தீனியைக் காட்டினால் வாயை மூடும். அமைதியான பின் தீனி. இருபது நாளில் தட்டுதல் தேவைப்படவில்லை. மாமா இரயில்வே இரவுப் பணிக்குப் போன நாட்களில், கதவைத் திறவாமலே அத்தை தாழ்ந்த குரலில் ‘யாரு பாரு’ என்றால், உள்ளிருந்து எழும் குரைப்பு தெருமுனை வரை கேட்கும். அந்த இரண்டு சொல்லைவிடச் சிறந்த பூட்டை நான் கண்டதில்லை.

கொல்லையில் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் காவல் காக்கும் என்பது நம்மவரின் பழைய மயக்கம். அது தன் சங்கிலியின் நீளத்தை மட்டுமே காக்கும். நாளடைவில் சினம் ஏறிக் கண்டவரையெல்லாம் வெறுக்கும். குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இரவில் நாய் கூடத்திலோ தாழ்வாரத்திலோ குடும்பத்தோடு இருக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த நான் ஒரு தவறு செய்தேன். கருப்பனுக்கு ஏழு மாதமானபோது, ‘குரைத்தால் போதுமா? வீரம் வேண்டாமா?’ என்று உடன் பயிலும் நண்பர் ஒருவர் தூண்டினார். எனக்கும் ஆசை. அவர் கையில் சாக்குப்பையைச் சுற்றிக்கொண்டு வாயிற்புறம் நின்று ஆட்டுவார். நான் கயிற்றைப் பிடித்து ஏவுவேன். நாய் சாக்கைக் கவ்வியதும் அவர் ஓடிப்போவார். நாய்க்குப் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை. இரண்டு வாரம் இப்படி நடந்தது. மாமாவிடம் சொல்லவில்லை.

ஆடி மாதம். நல்ல மழை. பால்காரரின் பதின்மூன்று வயது மகன், இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல், சாக்கை முனை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். ஐந்து மாதமாகக் கருப்பன் வாலாட்டி வரவேற்ற சிறுவன்தான். வாயிலைக் கடந்ததும் சாக்கை எடுத்துக் கையில் போட்டு உதறினான். அடுத்த நொடியில் அவன் முழங்கைக்குக் கீழே நாயின் பல் இறங்கிவிட்டது. ‘போதும்’ என்று கத்தினேன். விட்டது, ஆனால் மூன்றாவது முறைதான் விட்டது.

குழாயடியில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். கருப்பனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சிறுவனுக்கு முறைப்படி எல்லா ஊசியும் போடச் செய்தோம். தையல் ஏழு. அன்று மாலை மாமாவிடம் சாக்கு விளையாட்டைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், ‘நாய் மேல தப்பு இல்லேடா. நீ சொல்லிக் கொடுத்ததைத்தானே செஞ்சுது’ என்றார்.

பாவ்லோவின் பாடத்தைத் தேர்வுக்குப் பலமுறை எழுதியவன் நான். மணியோசையும் உணவும் எப்படி இணைந்தனவோ அப்படிச் சாக்கும் கடியும் இணைந்தன. திருடன் எவன், பால்காரன் எவன் என்று நாய்க்கு நான் கற்பிக்கவே இல்லை; சாக்கு என்றால் கவ்வு என்றுதான் கற்பித்தேன். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவின்படி, தன் விலங்கினால் மனிதர்க்கு நேரக்கூடிய பேராபத்தைத் தடுக்கப் போதிய முயற்சி எடுக்காதவனுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பால்காரர் புகார் கொடுக்கவில்லை. மருத்துவச் செலவை மாமா கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, வேறொன்றும் சொல்லாமல் போனார்.

கற்பித்ததை அழிப்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று. முதலில் முப்பது அடி தொலைவில் தரையில் ஒரு சாக்கு. நாய் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தால் தீனி. ஒவ்வொரு நாளும் ஓரடி ஈரடியாக அருகே கொண்டுவந்தோம். பிறகு சாக்கை நான் தோளில் போட்டுக்கொண்டேன், பிறகு மாமா, பிறகு அயலார். அந்நாட்களில் வெளியே போகும்போது வாய்மூடி போட்டே அழைத்துச் சென்றேன். தை மாதத்தில் கருப்பன் சாக்கின்மேல் படுத்துத் தூங்கியது. ஆயினும் மழைநாளில் வாயிலைத் தாழிட அத்தை இன்றும் மறப்பதில்லை.

நண்பருக்கு என் விடை: குட்டி வாங்குங்கள். ஆனால் உங்கள் தந்தையார் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அதற்குத் தருவாரா என்று முதலில் கேட்டறியுங்கள். அவரால் இயலாதென்றால் நல்ல பூட்டும் விளக்கும் போதும், நாய் வேண்டா.

பால்காரரின் மகன் மீண்டும் பால் கொண்டு வருகிறான். தெருவிலேயே நின்று சைக்கிள் மணியை அடிப்பான். கருப்பன் ஓடிவந்து வாயிலருகே உட்காரும், வாலை ஆட்டும். அத்தை பாத்திரத்தோடு வெளியே போய் வாங்கிக்கொள்வார். உள்ளே வா என்று நாங்கள் யாரும் அவனை அழைப்பதில்லை.